4417-ஆம் எண் கோட்டின் நான்காவது பொத்தான்

மனித குலம் இதுவரை கண்ட கலைகளிலேயே உன்னதமானது, செத்துப்போனவர்கள் கழற்றிப்போட்ட உடுப்புகளை உரிய ஆவணத்தோடு சேகரித்து வைப்பதுதான். சிற்பமும் சங்கீதமும் இதற்கு அடுத்தபடிதான். ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு யாராவது, "இது எந்தப் போர்முனையில் பாடப்பட்டது? கையெழுத்திட்ட சான்று இருக்கிறதா?" என்று விசாரித்ததுண்டா? விசாரணை இல்லாத இடத்தில் என்ன கலை வளரும்?

இதை உணர்ந்த பெருமக்கள் பதினான்கு பேர் கூடி நடத்திவந்த அமைப்புதான் போர்ச் சீருடைப் பேரவை. கண்ணாடி வெட்டும் கடைக்கு மேலே, மாடியில் ஒரு நீளக் கூடம். சுவரோரம் கண்ணாடிப் பெட்டிகள். உள்ளே தலையில்லாத பொம்மைகள் மேல் கோட்டுகள். அந்துருண்டை நெடியில் புதிதாக வருகிறவர்களுக்குக் கண்ணில் நீர் முட்டும். அதைப் பேரவை வருகைப் பதிவேட்டில் 'நெகிழ்ச்சி' என்று குறித்துக்கொள்ளும். ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி. வெளிச்சம் பட்டால் வரலாறு வெளுத்துப்போகும் என்பது தலைவரின் கண்டுபிடிப்பு.

தலைவர் நில அளவைத் துறையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தாறு வருஷம் அடுத்தவர்கள் வேலியை அளந்தவர். ஓர் அங்குலம்கூட யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. எழுபத்தொரு வயதிலும் அவர் முதுகு நாற்காலியின் சாய்மானத்தைத் தொட்டதில்லை. சாய்வது அந்தக் குடும்பத்தின் வழக்கம் அல்ல.

பேரவைக்கு வரும் ஒவ்வோர் உடுப்புக்கும் தரம் உண்டு. ஆவணம் எதுவும் இல்லையென்றால் மூன்றாம் தரம். அதற்குப் பெயர் 'துணி'. இன்னாருக்கு வழங்கப்பட்டது என்பதற்கு மட்டும் சான்று இருந்தால் இரண்டாம் தரம், 'சீருடை'. போரில் அந்த உடுப்பு என்ன செய்தது என்று எழுத்தில் இருந்தால்தான் முதல் தரம், 'வரலாறு'. இந்த ஏற்பாட்டின் முதுகெலும்பு, தலைவர் தம் கைப்பட எழுதிய ஏழாம் விதி: "யார், யாரை, எங்கே, எப்போது ஆகிய நான்கு கேள்விகளுக்கும் நேரான விடை தராத எந்தச் சான்றும் செல்லாது."

அவர் காலத்தில் முப்பத்தொரு உடுப்புகள் இந்த விதியில் மோதித் திரும்பின. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் ஒரு சட்டையைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்தார்.

"எங்க அண்ணன் சட்டை சார். இதைப் போட்டுக்கிட்டுத்தான் போருக்குப் போனாரு. நான்தான் பஸ் ஏத்திவிட்டேன்."

"டிக்கெட் இருக்கா?"

"எதுக்கு சார்?"

"பஸ் ஏறினதுக்கு."

"இல்லையே சார். அண்ணனும் திரும்பி வரலை. சட்டை மட்டும்தான் வந்துச்சு."

"அப்போ அவர் போனதுக்கும் சான்று இல்லை, வராததுக்கும் சான்று இல்லை" என்று தலைவர் கனிவோடு எடுத்துச் சொல்லி, 'துணி' என்று முத்திரை குத்திக் கொடுத்தனுப்பினார். நீதி என்றால் அதுதான். உறவு, கண்ணீர் என்று பார்க்க ஆரம்பித்தால் நாட்டில் எல்லாச் சட்டையும் வரலாறாகிவிடும்.

இத்தனை நேர்மையான மனிதருக்கு ஒரே ஒரு முள். அவருடைய சொந்தத் தகப்பனார், லெப்டினன்ட், போட்டிருந்த கோட்டு பதினோரு வருஷமாக இரண்டாம் தரத்தில் கதவோரம் தொங்கியது. கோட்டு எண் 4417, வழங்கிய நாள், வாங்கியவர் கையெழுத்து எல்லாம் உண்டு. ஆனால் அந்தக் கோட்டு போரில் எங்காவது போயிற்றா, யாரையாவது எதிர்த்ததா என்பதற்கு ஒரு வரி கிடையாது. அக்குளுக்குக் கீழே ஓர் ஓட்டை இருந்தது. பேரவையின் செயலாளரான பல் டாக்டர்தான் ஓட்டை நிபுணர். சொத்தைப் பல்லை நோண்டும் கம்பியால் அதை மெல்லச் சுற்றிப் பார்த்து, "பூச்சி" என்றார். தலைவர் நான்கு மாதம் அவரோடு பேசவில்லை. இடையில் கடைவாய்ப் பல் வலித்தபோது வேறு டாக்டரிடம் போய்த் தவறான பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். கௌரவத்துக்கு முன் பல் எம்மாத்திரம்?

வீட்டில் இன்னும் மோசம்.

"ஏங்க, ஒருவேளை மாமா கிடங்குல உக்காந்து பனியன் எண்ணிக்கிட்டு இருந்தாரோ என்னமோ" என்பார் மனைவி, துணி மடித்துக்கொண்டே. "அதுவும் ஒரு வேலைதானே. யாராவது எண்ணணுமில்ல."

"எங்க அப்பா லெப்டினன்ட்."

"லெப்டினன்ட்டாவே எண்ணியிருப்பாரு."

போதாக்குறைக்குத் துணைத்தலைவர். காதுவரை முறுக்கிய மீசை வைத்திருந்ததால் பேரவையில் அவருக்கு மீசை என்றே பெயர். அவருடைய பெரியப்பாவின் கால்சட்டை ஒன்று, குண்டு மழையில் ஆற்றை நீந்திக் கடந்ததாக மூன்று சான்றுகளோடு முதல் தரத்தில் இருந்தது. ஆண்டுக் கண்காட்சியில் கூடத்தின் நடுவே ஒரு பெரிய கண்ணாடிப் பெட்டி வைப்பார்கள். விளக்கு அதற்கு மட்டும்தான். பதினோரு வருஷமாக அந்த விளக்கின் கீழே நின்றது கால்சட்டை. ஒரு தலைவரின் தகப்பனார் கதவோரம் நிற்க, ஒரு துணைத்தலைவரின் பெரியப்பா இடுப்புக்குக் கீழே மட்டும் வந்து நடுவில் நிற்பதைப் பார்த்துக்கொண்டு எந்த மகனால் சும்மா இருக்க முடியும்?

தலைவர் சும்மா இருக்கவில்லை. படை ஆவணக் காப்பகத்துக்கு எழுபது கடிதம் எழுதினார். கண்காட்சிக்கு ஆறு வாரம் இருக்கும்போது பதில் வந்தது. செலவினக் குறிப்பேட்டின் ஒரே ஒரு பக்கம், நகல். அவசரக் கூட்டம் கூட்டி, எழுந்து நின்று வாசித்தார்.

"மார்ச் ஆறு. ஆற்றுப் பாலம். தலைமை: மேற்படி லெப்டினன்ட். கூட்டம் கலைக்கப்பட்டது. செலவு: தோட்டா பதினேழு. இழப்பு: கோட்டு எண் 4417-இல் மேலிருந்து நான்காவது பொத்தான். மாற்றுப் பொத்தான் ஒன்று வழங்கப்பட்டது."

எல்லாரும் கதவோரம் ஓடினார்கள். பல் டாக்டர் டார்ச் அடித்தார். ஆறு பொத்தான்களில் நான்காவது மட்டும் நிறம் மங்கி, கறுப்பு நூலுக்குப் பதிலாகப் பழுப்பு நூலில் தைத்திருந்தது. மற்ற ஐந்தின் பின்புறமும் கோட்டின் எண் பொறித்திருந்தது.

"கைகலப்பு!" என்றார் தலைவர். "எதிரி கிட்ட வந்து கோட்டைப் பிடிச்சிருக்கான். அப்பா பின்வாங்கலை. பொத்தான்தான் போயிருக்கு."

"கூட்டம்னுதான் போட்டிருக்கு" என்றார் மீசை. "எதிரின்னு இல்லையே."

"பின்ன பாலத்துல கூட்டமா நின்னது யாரு, கல்யாண வீட்டுக்காரங்களா?"

மீசை விடவில்லை. "ஏழாம் விதி இருக்கு தலைவரே. யார், எங்கே, எப்போது, மூணும் வந்துடுச்சு. யாரை? அது இல்லையே. அதோட உடுப்பும் முழுசா இல்லை. அசல் பொத்தானும் அதுக்குச் சான்றும் வந்தா நடுப் பெட்டி உங்களுக்கு. வரலைன்னா கால்சட்டை."

தம் விதியைத் தம்மிடமே ஒருவர் எடுத்துக் காட்டுவதைவிட ஒரு சட்டமியற்றுநருக்குப் பெரிய பேறு உண்டா? தலைவர் பல்லைக் கடித்தார், இருந்தவற்றைக் கொண்டு.

மறுநாள் செய்தித்தாளில் விளம்பரம் வந்தது: "அறுபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் மார்ச் ஆறாம் தேதி ஆற்றுப் பாலத்தில் வீரப்போரின்போது தொலைந்த பித்தளைப் பொத்தான், பின்புறம் 4417 என்று பொறித்தது, வைத்திருப்போர் உரிய மரியாதையுடன் வரவேற்கப்படுவர்."

"மனுஷனைக் காணோம்னு விளம்பரம் குடுத்துப் பாத்திருக்கேன்" என்றார் மனைவி. "போங்க, உங்க பரம்பரையில எல்லாமே தனிதான்."

ஐந்தாம் நாள், பேரவை கூடியிருந்தபோது ஒரு பெண்மணி மாடியேறி வந்தார். ஐம்பது வயதிருக்கும். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தோளில் ஒரு துணிப்பை, கையில் ஒரு பழைய மாத்திரை டப்பா.

"விளம்பரம் பாத்தேன். எங்க அம்மாவும் வந்திருக்காங்க. படி ஏற முடியாது, கீழே கண்ணாடிக் கடையில உக்காரவெச்சிருக்கேன்."

டப்பாவைத் திறந்தார். பஞ்சின் மேல் ஒரு பித்தளைப் பொத்தான். நூல் கோக்கும் காதோடு பிய்ந்து வந்திருந்தது. கறுப்பு நூல் இன்னும் தொங்கியது. பல் டாக்டர் கம்பியால் புரட்டினார். பின்புறம்: 4417.

பேரவையின் வரலாற்றில் முதல் முறையாகத் தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். உடனே நிமிர்ந்துகொண்டார்.

"அம்மா, நீங்க எந்தப் படைப்பிரிவுக் குடும்பம்?"

"படையெல்லாம் இல்லை சார். எங்க தாத்தா, அம்மாவோட அப்பா, பூட்டு ரிப்பேர் பண்றவர். இது அவர் கையில இருந்துச்சு."

"கண்டெடுத்தாரா?"

"இல்லை. பிடிச்சிருந்தாரு. செத்தப்புறம் விரலைப் பிரிச்சு எடுத்தாங்க. பூட்டுக்காரர் விரல், லேசுல பிரியலையாம்."

டீச்சர் வகுப்பில் கணக்கை விளக்குகிறவர்போல நிதானமாகச் சொன்னார். அன்றைக்குப் பாலத்தில் எதிரி யாரும் இல்லை. ரேஷன் மாவுக்கு வரிசை. மூன்று நாளாக மாவு வரவில்லை. சனங்கள் சத்தம் போட்டார்கள். படை வந்தது. லெப்டினன்ட் கைத்துப்பாக்கியை எடுத்தபோது, பூட்டுக்காரர் முன்னால் போய் அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டு, சுட வேண்டாம், பிள்ளைகள் நிற்கிறார்கள் என்றிருக்கிறார்.

"முதல் தோட்டா தாத்தாவுக்கு. அப்புறம் மத்தவங்க சுட்டாங்க. மொத்தம் ஒன்பது பேர். அம்மாவுக்கு அப்ப ஒம்பது வயசு. மாவுப் பையை வெச்சுக்கிட்டுப் பக்கத்துலதான் நின்னாங்க."

"அப்போ 'யாரை' கிடைச்சாச்சு!" என்று பல் டாக்டர் தம்மை மறந்து கூவினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தார்.

தலைவர் ஐந்து நிமிஷம் இடைவேளை அறிவித்துவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் போய்த் தம் அக்காவுக்குப் போன் செய்தார். அக்காவுக்கு எண்பது வயது. காது நன்றாகக் கேட்கும்; அதுதான் அந்தக் குடும்பத்தில் பிரச்சினை.

"அக்கா, அப்பா எப்பவாச்சும் ஆத்துப் பாலத்தைப் பத்திப் பேசியிருக்காரா?"

"அவர் அந்தப் பாலத்து மேல காலே வெச்சதில்லையேடா. ரெண்டு மைல் சுத்திக்கிட்டுத்தானே வீட்டுக்கு வருவாரு."

"அது நடைப்பயிற்சின்னு சொன்னாரே."

"மழையிலயுமா நடைப்பயிற்சி? உனக்கு இப்பத்தான் தெரியுமா?"

"நீ ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"நீ எப்படா கேட்ட? நீ கேட்டதெல்லாம் கோட்டைப் பத்தித்தானே."

தலைவர் போனைச் சட்டைப்பையில் போட்டார். அந்த ஒரு கணம், பொத்தானைத் திருப்பிக் கொடுத்து, கீழே போய் அந்தத் தாயாரின் முன்னால் நிற்கலாமா என்றுகூட அவருக்குத் தோன்றியது. பலவீனம் யாருக்கும் வரும். ஆனால் கதவைத் திறந்து உள்ளே பார்த்தபோது, மீசை கையில் டேப்போடு நடுப் பெட்டியை அளந்துகொண்டிருந்தார்.

"என்ன செய்றீங்க?"

"ஒண்ணுமில்ல தலைவரே. இந்த மாதிரி விஷயம்னா நீங்க வாபஸ் வாங்கிடுவீங்க, குடும்ப கௌரவம்னு. அதான், இந்த வருஷம் கால்சட்டையோட பெல்ட்டையும் சேத்து வைக்க இடம் பத்துமான்னு..."

முப்பத்தாறு வருஷம் அங்குலம் விடாத முதுகு விறைத்தது.

"கூட்டம் தொடரும்" என்றார் தலைவர். "சான்று எழுதலாம்."

சான்று எழுதும் பணி ஒன்றரை மணி நேரம் நடந்தது. இவ்வளவு பொறுப்போடு ஒரு மரணம் இதற்கு முன் எங்கும் விவாதிக்கப்பட்டிருக்காது.

"'பாலத்தில் நடந்த வருந்தத்தக்க சம்பவத்தின்போது காலமான ஒருவரிடமிருந்து'ன்னு போடலாம்" என்றார் தலைவர்.

"காலமாகலை சார். சுட்டாங்க" என்றார் டீச்சர்.

"'தோட்டா பட்டு'?"

"தோட்டா தானா வராது."

"விதிப்படி பாத்தா டீச்சர் சொல்றது சரி" என்றார் மீசை, மிகுந்த மகிழ்ச்சியோடு. "யார், யாரைன்னு நேரா இருக்கணும். சுத்தி வளைச்சா செல்லாது. இப்படித்தானே என் மச்சானோட தொப்பியைத் தலைவர் நிராகரிச்சாரு."

"தாத்தா பேரும் வரணும்" என்றார் டீச்சர். "பேர் இல்லைன்னா பொத்தான் இல்லை."

"பேர் எதுக்கும்மா? 'பொதுமக்களில் ஒருவர்'னு போட்டா மரியாதையா இருக்கும்."

"உங்க அப்பாவை 'ராணுவத்தில் ஒருவர்'னு போடுவீங்களா?"

தலைவர் யோசித்தார். அவருக்கு ஒரு வழி தெரிந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் அட்டை இருக்கும். எழுத்து பொடியாக இருக்கும். பார்க்க வருகிறவர்கள் விளக்கின் கீழே கோட்டின் மிடுக்கைத்தான் பார்ப்பார்கள். இதுவரை எந்தக் கண்காட்சியில் எவன் அட்டையைப் படித்திருக்கிறான்? பெட்டிக்குள் போய்விட்டால் எதுவும் யாரையும் கடிக்காது. போர் என்றால் அப்படி இப்படி இருக்கும்தான். நடுப் பெட்டி என்றால் நடுப் பெட்டி.

"எழுதுங்க" என்றார்.

பல் டாக்டர் எழுதினார். டீச்சர் தம் சிவப்புப் பேனாவால் இரண்டு இடங்களில் திருத்தினார். பூட்டுக்காரரின் பெயரும் அவர் தகப்பனார் பெயரும் சேர்ந்து ஒரு முழு வரி பிடித்தன. முடிந்ததைப் பல் டாக்டர் வாசித்தார்:

"அறுபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன், மார்ச் ஆறாம் தேதி, ஆற்றுப் பாலத்தில், மாவு வாங்க வரிசையில் நின்ற, ஆயுதம் ஏதுமற்ற மேற்படி பூட்டுத் தொழிலாளியை, 4417-ஆம் எண் கோட்டணிந்த என் தந்தை லெப்டினன்ட் சுட்டுக் கொன்றபோது, இறந்தவரின் கையில் சிக்கிய பொத்தான் இதுவே என்று, ஆவணக் காப்பகக் குறிப்பேட்டுடன் ஒப்பிட்டுச் சரிபார்த்து, உண்மை என உறுதி கூறுகிறேன்."

தலைவர் கையெழுத்துப் போட்டார். அளவைத் துறையில் எல்லைக்கல் நடும்போது போட்ட அதே கையெழுத்து. ஓர் எழுத்துகூடச் சாயவில்லை. மீசையும் பல் டாக்டரும் சாட்சி. வட்ட முத்திரை இரண்டு இடத்தில். குறிப்பேட்டு நகல் இணைப்பு. அதன்மேலும் முத்திரை.

"விதிப்படி பொருள் கொடுத்தவங்களுக்கு ஓர் அசல்" என்று பல் டாக்டர் இரண்டாவது பிரதியை நீட்டினார்.

டீச்சர் அதை வாங்கி, ஒரு தடவை முழுதாகப் படித்தார். பிறகு துணிப்பையிலிருந்து ஒரு தடித்த கோப்பை எடுத்து, எல்லாவற்றுக்கும் மேலே அதை வைத்தார். மாத்திரை டப்பாவை மேஜைமேல் தள்ளிவிட்டார்.

"பொத்தானை வெச்சுக்குங்க."

"அது என்னம்மா கோப்பு?" என்றார் தலைவர். பொத்தான் வந்துவிட்ட மகிழ்ச்சியில் குரல் இளகியிருந்தது.

"அம்மா போட்ட மனு சார். நாப்பது வருஷமா. அன்னிக்குப் பாலத்துல சுட்டதை ஒத்துக்கணும், ஒன்பது பேர் பேரையும் கொல்லப்பட்டவங்கன்னு பதியணும்னு." ஒரு தாளைத் திருப்பிக் காட்டினார். "எல்லா ஆபீஸ்லயும் ஒரே பதில்தான். 'மேற்படி தேதியில் மேற்படி இடத்தில் எவரும் சுடப்பட்டதாக ஆவணம் இல்லை.' ஒரு குழந்தை பாத்ததெல்லாம் சாட்சி ஆகாதாம். யார், யாரை, எங்கே, எப்போதுன்னு எழுத்துல வேணுமாம். நாளைக்கு விசாரணை. கடைசி வாய்ப்புன்னு சொல்லிட்டாங்க."

தலைவர் எழுந்தார். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"இருங்கம்மா. அதுல... அதுல எங்க அப்பா பேர் இருக்கு!"

"ஆமா சார். நீங்கதான் எழுதிக் குடுத்தீங்க. ரொம்பத் தெளிவா இருக்கு."

டீச்சர் கும்பிட்டுவிட்டு வெளியே போனார். படிக்கட்டின் தலைப்பில் நின்று கீழே பார்த்து, "அம்மா, கெடச்சிடுச்சு" என்றார். கண்ணாடி வெட்டும் இயந்திரத்தை யாரோ நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு கீழே இருந்து வந்த அழுகைச் சத்தத்தைப் பேரவை எந்தப் பதிவேட்டிலும் குறிக்கவில்லை.

சேகரிப்புக் கலையின் மேன்மைக்கு இனியும் சான்று வேண்டுமா? மூன்று அரசாங்கங்கள், ஏழு அதிகாரிகள், நாற்பது வருஷம் தேடியும் கண்டுபிடிக்க முடியாத ஒரு கொலைகாரரைப் பேரவை ஒரே பிற்பகலில் கண்டுபிடித்தது. அவர் மகனையே கையெழுத்துப் போடவைத்தது. ஆறு பொத்தானும் பூட்டி, விளக்குப் போட்டு, கூடத்தின் நடுவில் நிறுத்தி, முதல் தரம் என்று முத்திரையும் குத்தியது.